ஒரு நாள்கூட மக்கர் பண்ணாத மெஷின்

மரக்காணத்தில் மெஷின்களுக்கு ஆயுள் ரேகை குட்டை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். நடுவில் வந்து மாட்டிக்கொண்ட மின்விசிறி, மோட்டார், மிக்சி, பைக் சைலன்சர் எல்லாவற்றையும் காற்று அவசரமே இல்லாமல் தின்றுகொண்டிருக்கும். புது ஃபிரிட்ஜின் கீழ் விளிம்பு ஒரு மழைக்காலத்துக்குள் டீயில் நனைத்த பிஸ்கட்டாக உதிரும். ஆனால் இந்த ஊரில் யாரையாவது கேட்டுப் பாருங்கள், பொருள் கெட்டது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் வாங்கினவன் ஏமாந்தான் என்று ஆகிவிடும். ஆகவே மரக்காணத்தில் எல்லார் வீட்டு மெஷினும் நன்றாகவே ஓடுகிறது. மெக்கானிக் சதீஷ் எப்படி மாடி வீடு கட்டினான் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

இப்படிப்பட்ட ஊரிலேயே பக்தவச்சலம் ஒரு படி மேலே. அவர் குத்தகைக்கு அளம் எடுத்து உப்பு விளைவிக்கிறவர். தையில் பாத்தி கட்டினால் ஆவணி தாண்டியும் உப்பு வாருவார்கள். ஐப்பசி மழை இறங்கியதும் அளம் ஏரியாகிவிடும், அவரும் வீட்டில் உட்கார்ந்துவிடுவார். வீட்டில் உட்கார்ந்த ஆண்பிள்ளைக்கு ஏதாவது ஒரு பெருமை தேவைப்படுகிறது. அவருக்கு அது பெரிய முதலியார்சாவடியில் கிடைத்தது. புதுச்சேரிப் பக்கம் வந்து தங்கிவிட்டு ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போகிற சாமான்களை விற்கும் கடை ஒன்று அங்கே உண்டு. கட்டில் வாங்கப் போனவர், கறுப்பாக, ஹார்மோனியப் பெட்டி அகலத்துக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கட்டில் இன்றுவரை வரவில்லை.

"இது இன்னாங்க?" என்றாள் மனைவி அருக்காணி.

"சிடி ரெக்கார்டரு. கேசட்டுல இருக்கிறத அப்பிடியே சிடியில ஏத்தும். மைக்கு வெச்சா நாம பேசறதையே ஏத்தும்."

"நீங்க பேசறத கேக்கறதுக்குத்தான் நான் ஒருத்தி இருக்கேனே. மெஷினு வேறயா?"

மெஷினுக்குச் சில குணங்கள் இருந்தன. கடையில் கிடைக்கும் சாதா சிடியைப் போட்டால் துப்பிவிடும். பாட்டு ஏற்றுவதற்கென்றே செய்த தனி சிடிதான் வேண்டும். அது புதுச்சேரியிலேயே கிடைக்காது, சென்னைக்குச் சொல்லியனுப்ப வேண்டும். வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். பக்தவச்சலம், "கண்டதையும் திங்காதுங்க, வளந்த எடம் அப்பிடி" என்றார். ஏற்றி முடித்ததும் ஒரு பட்டனை அழுத்தி சிடியை மூட வேண்டும். மூடாத சிடி வேறு எந்த மெஷினிலும் பாடாது. மூடுவதற்குச் சில நிமிஷம் பிடிக்கும். மரக்காணத்துக் கரண்ட் அந்தச் சில நிமிஷத்துக்காகவே காத்திருந்தது போலப் போகும். அப்படிக் கெட்டுப்போன சிடிகள் ஒரு கோணிப்பை நிறைய இருந்தன. அதெல்லாம் கரண்ட்டின் கணக்கு, மெஷினின் கணக்கில் வராது.

மெஷினின் கணக்கில் எதுதான் வரும்? தட்டு வெளியே வராவிட்டால் காலையில் கொஞ்சம் கூச்சப்படுகிறது. பாதிப் பாட்டில் நின்றால் பாட்டு பழசு. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினால், "நல்ல வரி, அதான்." மெஷினின் முகப்புக் கண்ணாடியில் எர்ரர் என்று எழுத்து வந்தால் அது சிடியைப் பற்றி மெஷின் சொல்லும் அபிப்பிராயம். மெஷின் வருஷத்தில் பாதி நாள் சதீஷ் வீட்டில் இருந்தால்? "அவன் பையன் பாட்டு கேக்கணும்னான், குடுத்திருக்கேன்." சதீஷுக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.

ஊரில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதுவானாலும் பக்தவச்சலம் மைக்கோடு போய்விடுவார். மறுவாரம் வீடு தேடி சிடி வரும். அதைப் போட்டுக் கேட்க எந்த வீட்டிலும் பெட்டி இல்லை. வாங்கினவர்கள் மரியாதையாக வாங்கி, பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டார்கள். இருட்டில் லாரிக்காரன் லைட் பட்டால் பளிச்சென்று மின்னும். வானூர்ப் பக்கம் வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள், காக்கா அண்டவில்லை. தான் ஊருக்குக் கொடுத்த சிடி ஒன்றுகூட வீண் போகவில்லை என்று பக்தவச்சலம் சொல்வது அவர் சொன்ன சில உண்மைகளில் ஒன்று.

அந்த மல்லாட்டைக் கொல்லை வழியாகத்தான் கலியமூர்த்தி வந்தார். வானூரில் நிலபுலம் உள்ளவர், கூத்துப் பைத்தியம். டிரங்குப் பெட்டி நிறையக் கூத்து கேசட் வைத்திருந்தார், எல்லாம் பூசணம் பிடித்துக்கொண்டிருந்தன. கொல்லையில் மின்னிய சிடியின் வேர் தேடி மரக்காணம் வந்து சேர்ந்தார். பக்தவச்சலம் வாங்கின அதே கடையில் இதே அச்சில் இன்னொரு மெஷின் கிடக்கிறதாம், வாங்கலாமா என்று கேட்க வந்திருந்தார்.

"நேரா கேக்கறன். ஒரு நாளாச்சும் ரிப்பேருன்னு வந்திருக்குதா?"

"ரிப்பேரா? சதீஷு வூடு எந்தத் தெருவுன்னே எனக்குத் தெரியாதுங்க."

மெஷின் அப்போது சதீஷ் வீட்டில் வயிறு திறந்து கிடந்தது. அலமாரியில் அது இருக்க வேண்டிய இடத்தில் பூப்போட்ட துணியால் மூடி ஏதோ ஒன்று இருந்தது. துணிக்கு அடியில் இருந்தது இட்லிப் பானை. கலியமூர்த்தி பயபக்தியோடு அதைப் பார்த்தாரே தவிர துணியை விலக்கிப் பார்க்கவில்லை. நல்ல குடும்பத்து மனிதர்.

"அப்ப வாங்கிடலாம்ன்றீங்க?"

"கண்ண மூடிக்கினு வாங்குங்க. கெட்டுச்சுன்னா வந்து என் மொகத்துல துப்புங்க."

கலியமூர்த்தி வாங்கினார். இதுவரை துப்ப வரவில்லை. மாறாக, எப்போது போன் செய்தாலும், "நம்மளுது பிரமாதமா ஓடுதுங்க, உங்களுது?" என்பார். "ஒரு நாளு மக்கர் பண்ணதில்ல" என்பார் இவர். இப்படி இரண்டு உத்தமர்கள் சிநேகமானார்கள். மாதம் ஒரு முறை சிடி பரிமாற்றம். அங்கிருந்து கூத்து, இங்கிருந்து காதுகுத்து. கலியமூர்த்தியின் மகன் சரவணகுமாருக்குத் திண்டிவனத்தில் ஒரு கம்பெனியில் வேலை. வீட்டுக்குத் திரும்பும்போது மரக்காணம் சுற்றிவந்து கொடுத்துவிட்டுப் போவான். வாங்கி வைப்பது பக்தவச்சலத்தின் மகள் சூர்யகலா, மருந்துக் கடையில் பில் போடுகிறவள். மாதம் ஒரு முறை என்பது மாதம் நாலு முறையானதை இரண்டு தகப்பன்மார்களும் கூத்துக்கு வந்த மவுசு என்றே நினைத்தார்கள்.

பிறகு ஒரு நாள் கலியமூர்த்திக்கே அந்த யோசனை வந்தது. தனக்குத்தான் முதலில் வந்தது என்று இப்போதும் நம்புகிறார். ஜாதகம் பார்த்தாகிவிட்டது, பொருந்தியது, போன் வந்தது.

"ஞாயித்துக்கெழம நாங்க பத்து பேரு வர்றோங்க."

"தாராளமா வாங்க. எல போட்டு சாப்பாடு."

"அது இருக்கட்டும். ஒரு விசயம்." கலியமூர்த்தியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "உங்க பேச்ச நம்பி மெஷினு வாங்கினவன் நான். எங்க அக்கா கேக்கறாங்க, அந்த ஆளு பேச்சு எப்பிடி, நம்பலாமான்னு. நான் ஒரு சிடி கொணாறேன். பத்து பேரு மின்னாடி உங்க மெஷினுல போடுவோம். பாடட்டும். அப்பறமா கை நனைக்கலாம்."

பேச்சு முடிகிறவரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் தண்ணீர், காபிக்கு மேல் எதுவும் தொடுவதில்லை. இலையில் உட்கார்ந்து சோற்றில் கை நனைந்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது. பிறகு யாரும் பின்வாங்க முடியாது, வாங்கினால் ஊர் சிரிக்கும். ஆகவே இப்போது சூர்யகலாவின் கல்யாணம் மெஷினின் தட்டில் உட்கார்ந்திருந்தது. போனை வைத்த பக்தவச்சலத்துக்கு வியர்த்தது. மழை பெய்துகொண்டிருந்தது.

சதீஷ் வந்தான். மெஷினின் வயிற்றைத் திறந்தான், கண்ணைத் துடைத்தான். மெஷினுக்கும் கண் உண்டு, சிடியைப் படிப்பது அதுதான். பாடவும் வைத்துவிட்டான்.

"பாடும். ஞாயித்துக்கெழம வரிக்கும் தாங்கும். ஆனா ஈரம் மட்டும் ஆவாதுண்ணா. புதுச் செருப்பு டப்பாவுல குட்டி குட்டியா பொட்டலம் போட்டிருப்பான் பாரு, அதுல நாலு வாங்கியாந்து உள்ள போடு."

"ஏம்பா, ஈரத்த இழுக்கறதுக்கு நான் செருப்புக் கடைக்குப் போவணுமா? உப்ப விட எதுடா இழுக்கும்? நான் இன்னா தொழிலு பண்றேன்?"

"இழுக்கும். இழுத்துட்டு?"

"இழுத்துட்டு இன்னா, வெச்சிக்கும்."

சதீஷ் மேலே பேசவில்லை. பேசாமல் இருப்பதில்தான் அவன் தொழில் வளர்ந்தது. அருக்காணிதான் விடவில்லை.

"மழ வந்தா நம்ம வூட்டு உப்பு ஜாடியே அழுவுதேங்க."

"அது ஜாடியோட கோளாறு."

பழைய வேட்டியைக் கிழித்துப் பொட்டலம் கட்டினார். தன் அளத்து உப்பு, பொறுக்கி எடுத்த கல். மூடியைக் கழற்றி மெஷினுக்குள்ளே நாலு பொட்டலம் திணித்தார். மெஷினுக்கு மேலே இன்னும் ஒன்று, அடியில் இரண்டு, அலமாரியைச் சுற்றி மீதி. ஊரில் எத்தனையோ பேர் மெஷின் வைத்திருந்தார்கள். அதை உப்புக் கண்டம் போட்டது அவர் ஒருவர்தான். சனிக்கிழமைவரை மழை விடவில்லை. அவர் அலமாரியைத் திறக்கவும் இல்லை. திறந்தால் ஈரம் உள்ளே போய்விடுமாம்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. பத்து பேர் என்றால் பத்து பேர். கலியமூர்த்தி, அவர் அக்கா, மாப்பிள்ளை சரவணகுமார், மீதி சொந்தம். ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். காபி வந்தது, சூர்யகலா வந்தாள், எல்லாரும் பார்த்தார்கள். சரவணகுமார் மட்டும் பார்க்கவே இல்லை. பெண் பார்க்க வந்தவன் இவ்வளவு கட்டுப்பாடாக இருப்பானா என்று யாருக்கும் தோன்றவில்லை. உள்ளேயிருந்து சாம்பாரும் வடையும் மணத்தன.

"சாப்பிட்டுடலாமே" என்றாள் அருக்காணி.

"இருக்கட்டும்மா. மொதல்ல பாட்டு" என்ற கலியமூர்த்தி மஞ்சள் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்தார். "எங்க மெஷினுல ஏத்தினது. போன மாசக் கூத்து."

பக்தவச்சலம் அலமாரியைத் திறந்தார். பொட்டலங்கள் கட்டியபோது இருந்ததைவிட இளைத்திருந்தன. மெஷினின் பட்டனை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுத் தட்டுப் பட்டனை அழுத்தினார். தட்டு வந்தது. கூடவே தண்ணீரும் வந்தது. முதலில் சொட்டாக, பிறகு ஒழுக்காக. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம், சீயக்காய் கருகினது போல ஒரு வாடை. விளக்கு அணைந்தது. தட்டு பாதி நீட்டிய நாக்காக அப்படியே நின்றது.

"இன்னாடா இது, மெஷினு ஒண்ணுக்குப் போவுது?" என்றாள் கலியமூர்த்தியின் அக்கா.

"கரண்ட்டுங்க" என்றார் பக்தவச்சலம்.

பத்து பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மின்விசிறி விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"லோ வோல்டேஜு."

டியூப் லைட் கண்ணைக் கூசவைத்தது. பத்து பேரும் தலையை இறக்கி இப்போது பக்தவச்சலத்தைப் பார்த்தார்கள். கலியமூர்த்தி சிடியை மெதுவாக மஞ்சள் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

"எங்க வூட்லயும் இதே மெஷினுதான். ஒரு நாளு, ஒரு பொழுது இப்பிடி ஆனதில்ல. மெஷினு மேல தப்பு சொல்ல மாட்டன். எல்லாம் வெச்சிருக்கிறவங்க கையில இருக்குது."

"பொண்ணையும் இந்தக் கைதான் வளத்திருக்குது" என்று அக்கா யாருக்கும் சொல்லாதவள் போல எல்லாருக்கும் சொன்னாள்.

துடைக்கத் துணி எடுக்கிற சாக்கில் பக்தவச்சலம் சமையல்கட்டுக்குள் புகுந்தார். பட்டுப்புடவையோடு பாயசப் பானைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள் சூர்யகலா.

"யப்பா, இங்க வா. அவங்க மெஷினு செத்து ரெண்டு வருசம் ஆவுது."

"இன்னாது?"

"தட்டு வரலன்னு ஸ்க்ரூ டிரைவர வுட்டு நெம்பி ஒடச்சிட்டாரு. இப்ப அதும்மேல தொட்டி வெச்சு மணி பிளாண்ட்டு வளக்கறாங்க. அந்த சிடி திண்டிவனத்துல கம்ப்யூட்டர் கடையில போட்டது. நீ போன வருசமெல்லாம் போட்டியே, அதே கடை."

"நான் அங்க போட்டது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அந்தக் கடையில சிடி வாங்கினு வரப் போறப்ப உன்ன அங்க பாத்தது யாரு? அவருதான?"

"எவரு?"

சூர்யகலா பாயசத்தைக் கிண்டத் தொடங்கினாள். அது ஏற்கெனவே இறக்கிவைத்த பாயசம்.

'எவரு' என்ற கேள்விக்குப் பதில் தேடும் நிலையில் பக்தவச்சலம் இல்லை. அவருக்குள் ஒரு தேர் நிலை பெயர்ந்துவிட்டது. ரெண்டு வருஷம்! பிரமாதமாக ஓடுகிறது, பிரமாதமாக ஓடுகிறது என்று ரெண்டு வருஷமாகப் போனில்! மகள் பிறந்த செய்தி வந்தபோதுகூட பக்தவச்சலத்தின் முகம் இப்படி மலர்ந்ததில்லை. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலைப் பார்த்துத் திரும்பினார். சூர்யகலா வாசற்படியில் குறுக்கே நின்றாள்.

"யப்பா, சொல்லிடாத."

"ஏன் சொல்லக் கூடாது? என் வூட்ல உக்காந்து என் கைய சொல்றான்! மணி பிளாண்ட்டு வெச்சிருக்கிறவன்!"

"பத்து பேரு மின்னாடி சொன்னா எழுந்து வேன்ல ஏறிடுவாரு. நீ கெலிச்சிடுவ. எனக்கு அவரு வேணும்ப்பா."

இப்படி நேராக அவள் எதையும் கேட்டதில்லை. பக்தவச்சலம் பானையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மகளைப் பார்க்காமல் தாண்டிப் போனார். அவர் எந்த முடிவோடு போகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அவருக்கும் தெரியவில்லை.

ஹாலில் வேட்டிகள் அசைந்துகொண்டிருந்தன. ஒருவர் வேன் டிரைவர் எங்கே என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பக்தவச்சலம் குனிந்து தண்ணீரைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார், தரை காய்ந்த பிறகும் துடைத்தார். மணி பிளாண்ட் என்ற வார்த்தை தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவில் வந்து குத்தவைத்து உட்கார்ந்திருந்தது. தன் மெஷினைப் பற்றி அவர் சொன்ன பொய்க்கெல்லாம் இப்படி முக்க வேண்டியிருந்ததில்லை, தானாக வழுக்கிக்கொண்டு வரும். அடுத்தவன் மெஷினைப் புகழ்ந்து ஒரு பொய் சொல்வது, பல் பிடுங்குகிற மாதிரி இருந்தது.

"நீங்க சொன்னது சரிதாங்க" என்றார் நிமிர்ந்து. "கை என்னுதுதான் சரியில்ல. உங்க மெஷினு மாதிரி வருமா?"

கலியமூர்த்தி சண்டைக்குத் தயாராக வந்தவர். இதற்குத் தயாராக வரவில்லை. மஞ்சள் பையைத் தடவிக்கொண்டே கணக்குப் போட்டார். தோற்றவன் வாயாலேயே தன் மெஷின் ஜெயித்துவிட்டது. சிடியை இனி யாரும் எங்கும் போட்டுக் கேட்கப்போவதில்லை. இதைவிட நல்ல நேரம் வருமா?

"அட, உடுங்க. மெஷினுன்னா அப்பிடி இப்பிடித்தான் இருக்கும்" என்றார் பெருந்தன்மையோடு. "ஒப்புக்கினீங்க பாருங்க, அதான் மனுசன். எல போடச் சொல்லுங்க."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அருக்காணி அவள் முன்னால் இலையை விரித்து வடையும் வைத்துவிட்டாள். வடையைப் பார்த்ததும் அக்காவின் ஆட்சேபம் அடங்கியது.

பத்து இலை. சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது, நெய் விழுந்தது. பக்தவச்சலம் உட்காரவில்லை. நெய்க் கிண்ணத்தோடு கலியமூர்த்தி இலைக்கு எதிரிலேயே நின்றார். அவர் பிசைந்தார், இவர் பார்த்தார். அவர் உருட்டினார், இவர் பார்த்தார். முதல் உருண்டை வாய்க்குள் போனது, மென்றார், விழுங்கினார்.

"சம்பந்தி" என்றார் பக்தவச்சலம், அன்று முதல்முறையாக.

"சொல்லுங்க சம்பந்தி!"

"தை மாசம் கல்யாணம். வீடியோக்காரன் எடுக்கறத எடுத்துக்கினு போவட்டும். மேளம், மந்திரம், பெரியவங்க வாழ்த்து, எல்லாம் உங்க மெஷினுல ஏத்தினாத்தான் நமக்கு மரியாத. மண்டபத்துக்கே கொணாந்துடுங்க. மேடைக்குப் பக்கத்துலயே மேசை போட்டுத் தர்றேன். உங்க கை, உங்க மெஷினு."

"நல்ல ரோசனடா கலியமூர்த்தி!" என்றாள் அக்கா வடையோடு. "நம்ம சாதி சனமெல்லாம் பாக்கட்டும். நீயும் ரெண்டு வருசமா பிரமாதம் பிரமாதம்னு சொல்ற, நாங்களும் எப்பத்தான் பாக்கறது?"

எட்டுத் தலைகள் ஆமாம் என்று ஆடின. ஆடாத இரண்டில் ஒன்று சரவணகுமாருடையது. அவனுக்குப் புரையேறி, தண்ணீர் கேட்டுக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். சூர்யகலா ஓடி வந்து டம்ளரை நீட்டினாள். தகப்பனார் முகத்தை அவள் பார்த்தாள். அவர் நெய்க் கிண்ணத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கலியமூர்த்தியின் இரண்டாவது உருண்டை பாதி வழியில் நின்றது. இலையைப் பார்த்தார். வாசலில் நிற்கும் வேனைப் பார்த்தார். சாம்பார் ஒழுகும் தன் கையைப் பார்த்தார்.

"கொணாந்துட்டா போச்சு..." என்றார் மெதுவாக. "ஆனா, மண்டபத்துல கூட்டம், தூசு..."

"ஏசி மண்டபம் பாத்திருக்கேன், சம்பந்தி" என்றார் பக்தவச்சலம். "நெய் இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"